முழங்கால் என்று சொன்ன வலி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, வெள்ளவத்தையில் தில்லைநாதன் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, கைவைத்த கதிரையில் தில்லைநாதன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடசாலை வேனில் போகும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் அவரிடம்தான். அவருக்கு வலப்பக்கம், நீள சோபாவின் ஒரு நுனியில் மகள் சாருஜா. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள். மறு நுனியில் கொட்டாஞ்சேனை மாக்ரெட், கைப்பையை மடியை விட்டு இறக்காமல். யன்னலோரம் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு மாளிகாவத்தை அஸாம்; அவனும் மாக்ரெட்டும் அதே வேன் பிள்ளைகளின் பெற்றோர். வாசலுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் எதிரே, நீலப் பிளாஸ்டிக் கதிரையில் வேன்காரன் யோகராஜ். அங்கே இருந்தவர்களில் கதிரையில் பாதியாக இருந்தவன் அவன் ஒருவன்தான். இடப்பக்கத்தை மட்டும் கதிரைக்குக் கொடுத்து, வலப்பக்கத்தை அந்தரத்தில் வைத்திருந்தான்.

யோகராஜுக்கு நாற்பத்தாறு வயது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் நிலைத்துவிட்டவன். பதினொரு வருடமாகப் பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு வேன் ஓட்டுகிறான். இத்தனை காலத்தில் ஒரு நாளும் மணி அடித்தபின் பிள்ளையை இறக்கியதில்லை. மழை வெள்ளம், பெற்றோல் தட்டுப்பாடு, ஊர்வலம் எதுவாக இருந்தாலும் அவன் வழி கண்டுபிடித்துவிடுவான் என்பது பெற்றோருக்குப் பழகிப்போன விஷயம்.

ஆனால் போன வியாழக்கிழமை, காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்திக்கு அருகே, முன்னால் நின்ற முச்சக்கர வண்டிக்கு ஒரு சாண் தூரத்தில்தான் வேன் நின்றது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். மாக்ரெட்டின் மகனுக்கு உதடு வெடித்தது. பிரேக் ஏன் பிந்தியது என்பதுதான் அன்றைய கூட்டம். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் யாரோ, ஆள் குடிக்கிறானோ என்று ஒரு வரி போட்டுவிட்டு உடனே அழித்திருந்தார்கள். அழிப்பதற்குள் எல்லோரும் வாசித்துவிட்டார்கள்.

“நீர் குடிக்கிற ஆள் இல்லையெண்டு எனக்குத் தெரியும், யோகராஜ்,” என்றார் தில்லைநாதன். “ஆனா ஏதோ இருக்கு. கன நாளா நீர் சீற்றில கோணிக்கொண்டு இருக்கிறீர் எண்டு பிள்ளையளே சொல்லுதுகள். என்ன எண்டு சொல்லும்.”

உண்மை யோகராஜின் நாக்கு நுனி வரை வந்தது. வலது பின்பக்கத்தில், இருக்கும்போது சீற்றில் அழுந்தும் இடத்தில், தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம். வந்து ஏழு மாதம். கதிரையில் இருந்தால் அது தன்பாட்டுக்குத் துடிக்கும். வியாழக்கிழமை அந்தச் சந்தியில் வலது பாதம் திடீரென்று யாருடையதோ போல ஆகிவிட்டது. மிதித்தானா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் எதிரே சாருஜாவும் மாக்ரெட்டும் இருக்கிறார்கள். பதினொரு வருடத்தில் அந்தப் பெண்களோடு அவன் பேசியது மணியைப் பற்றி, மழையைப் பற்றி, மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி. அவர்கள் முகத்தைப் பார்த்து அந்த இடத்தின் பெயரைச் சொல்ல அவனால் முடியவில்லை.

“முழங்கால்ங்க சேர்,” என்றான்.

அது புதிதாகச் சொன்ன பொய்யுமல்ல. ஏழு மாதத்துக்கு முன், மனைவி அனுஷியா தன் அண்ணன் குடும்பம் முழுவதையும் வீட்டில் வைத்துக்கொண்டு “என்னங்க நொண்டுறீங்க” என்று கேட்டபோது வாயில் வந்தது முழங்கால்தான். பிறகு அதை மாற்ற வழியில்லாமல் போய்விட்டது. அவளும் அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் எண்ணெயைச் சூடாக்கி, ஒரு குற்றமும் இல்லாத அந்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருகிறாள்.

கூட்டம் நல்லபடியாகவே முடிந்தது. ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. வைத்தியரிடம் காட்டி, வேன் ஓட்டலாம் என்று ஒரு கடிதம் வாங்கி வரட்டும். அதுவரை இன்னொரு பாடசாலை வேன்காரனான கிளின்ரன் தன்னுடைய வேனில் பிள்ளைகளை ஏற்றட்டும் என்று முடிவானது. யோகராஜும் சரி என்றான். கிளின்ரனின் வேன் ஏசி வேன். கொஞ்ச நாள் அதில் குளிர்ந்து பழகிய பிள்ளைகள் திரும்பவும் யன்னல் திறந்த வேனுக்கு வரமாட்டார்கள் என்பது யோகராஜுக்கு நன்றாகத் தெரியும். மாடிப்படியில் இறங்கும்போது அஸாம் பின்னால் வந்து அவன் தோளைத் தொட்டான்.

“அண்ணன், டொக்டர்ட துண்டச் சுருக்கா எடுங்க. கிளின்ரன் இப்பவே எங்கட ஊட்டுக்குக் கோல் எடுக்கிறான்.”

அந்த இடத்தை அதுவரை யோகராஜ் காட்டியது ஒரே ஒருவருக்குத்தான். அனுஷியாவின் மாமா தங்கையா. தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்து வீடுகளில் யாருக்குக் கட்டி வந்தாலும் பழுக்கவைத்துக் கீறிவிடுவது அவர்தான். கை சுத்தமான ஆள் என்று பெயர். கூட்டம் முடிந்த மறுநாள் யோகராஜ் மறுபடியும் அவரிடம் போனான். தங்கையா பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, ஆழமான கட்டி, இன்னும் ஐந்து நாள் சூடு கொடுத்தால் முகம் வைக்கும், சனிக்கிழமை காலையில் வா, புது பிளேடு வாங்கி வா என்று சொல்லி அனுப்பினார். யோகராஜுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. சனிக்கிழமை கீறினால் திங்கட்கிழமை வேன். வைத்தியரின் கடிதம் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கடிதத்துக்காகத்தான் வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் லுத்பியா டொக்டரின் டிஸ்பென்சரிக்குப் போனான். முழங்காலைக் காட்டி, முழங்காலுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வருவது அவனுடைய திட்டம்.

லுத்பியா டொக்டர் முழங்காலை மடக்கினார், நீட்டினார், தட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பிடித்தார். விரல்கள் குளிர்ந்திருந்தன, இரண்டு விரல் நுனிகளில் நீலம் படர்ந்திருந்தது. பாதத்தின் மேற்புறத்தில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைப் பார்த்தார். இருந்தது. காற்சட்டைக்கு மேலாகவே வலது தொடை மடிப்பில் விரலை வைத்தார். நெடுநேரம் தேடினார். இடப்பக்கம் வைத்தார், அங்கே உடனே கிடைத்தது. மறுபடியும் வலப்பக்கம். பிறகு கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு அவனைப் பார்த்தார்.

“மேல துடிப்புக் காணல்ல. கீழ இரிக்கி. அப்ப காலுக்கு ரத்தம் எந்தப் பாதையால வருது?”

யோகராஜ் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான்.

“உண்மையாவே எங்க நோவுது?”

“முழங்கால்ங்க டொக்டர்.”

“முழங்கால்ல ஒண்டுமில்ல. நான் மூணு ஆம்புளப் புள்ள பெத்து வளத்தவ. வெக்கப்படாம திரும்பிப் படுங்க.”

யோகராஜ் திரும்பிப் படுத்தான். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தான். டொக்டர் அமுக்கவில்லை; உள்ளங்கையை மட்டும் வைத்தார். அந்தக் கை எழுந்து இறங்குவது அவனுக்கே தெரிந்தது. இதை வேறு யார் தொட்டது என்று கேட்டார். தங்கையா மாமாவையும் சனிக்கிழமையையும் புது பிளேடையும் பற்றி யோகராஜ் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் ஏசவில்லை. போய் மேசையில் இருந்து கடிதம் எழுதினார். போனை எடுத்து யாருடனோ ஆங்கிலத்தில் கதைத்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“இது கட்டி இல்ல. ரத்தக்குழாய் ஊதிப்போய் இரிக்கி. நாளைக்கு அந்த மனுசன் பிளேட வெச்சிருந்தா நீங்க ஆஸ்பத்திரிக்கு உசிரோட வந்து சேந்திருக்க மாட்டீங்க. ஊட்டுக்குப் போக வேணாம். இப்பிடியே வார்ட்டுக்குப் போங்க.”

அரசாங்க ஆஸ்பத்திரியில் கையில் மருந்து ஏற்றி ஸ்கான் எடுத்தார்கள். மறுநாள் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர் சாரங்கன் படுக்கைக்கே வந்து, கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு, ஒரு தாளில் படம் கீறினார். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். அனுஷியாவும் பக்கத்தில் நின்றாள். இரவெல்லாம் முழங்காலுக்கு என்ன வந்ததோ என்று பயந்துகொண்டு வந்தவள்.

“நாங்கள் எல்லாரும் தாயின்ர வயித்துக்குள்ள இருக்கேக்க, காலுக்கு ரத்தம் போற பெரிய குழாய் பின்பக்கத்தாலதான் போகும்,” என்றார் சாரங்கன். “பிறகு முன்தொடையால புதுக் குழாய் வளர, பழசு மறைஞ்சிடும். உங்களுக்குப் பழசு மறையேல்லை. புதுசு முழுசா வளரவும் இல்லை. பத்தாயிரத்தில ரெண்டு மூண்டு பேருக்கு இப்பிடி இருக்கும். இந்தக் காலுக்குப் போற ரத்தம் முழுக்க அந்தப் பழைய பாதையாலதான்.”

யோகராஜ் படத்தை இரண்டு தரம் பார்த்தான். “கடலோரமா மரைன் டிரைவ் ரோடு போடாம விட்ட வெள்ளவத்தை மாதிரிங்க சேர். எல்லா வாகனமும் காலி ரோட்லயே.”

“அதேதான்,” சாரங்கன் சிரித்துவிட்டார். “நீங்கள் அந்தக் காலி ரோட்டுக்கு மேல பதினொரு வருசம் ஏறி இருந்திருக்கிறீங்கள். சீற்றில இருந்து இருந்து அமுங்கி, குழாயின்ர சுவர் பலூன் மாதிரி ஊதிப்போச்சு. அதுக்குள்ள கட்டிபடுற ரத்தத்தில சின்னத் துண்டுகள் கழண்டு கீழ போகுது. அதுதான் விரல் குளிருது, பாதம் விறைக்குது.”

அனுஷியா அதுவரை படத்தில் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தாள். இப்போது நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

“அப்ப ஏழு மாசமா நான் எதுக்குங்க எண்ணெய் தேச்சேன்?”

சாரங்கன் தாளைத் திருப்பி மறுபக்கத்தில் கீறத் தொடங்கினார்.

வழி மூன்று என்றார். குழாயை அப்படியே அடைத்துவிட்டால் வீக்கம் அடங்கும். ஆனால் காலுக்கு வேறு பாதை இல்லாததால் கால் போய்விடும், இல்லையென்றால் தொடையால் புதிதாக ஒரு குழாய் வைத்துத் தைக்க வேண்டும். இரண்டாவது, பின்பக்கத்தைத் திறந்து வெட்டித் தைக்கலாம். ஆனால் காலின் பெரிய நரம்பு அந்த வீக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது, அதில் கை பட்டால் பாதம் தொங்கிவிடும். மூன்றாவது, வெட்டாமல் செய்வது. ஊசி போகும் அளவு துளை ஒன்றைப் போட்டு, அதன் வழியே மெல்லிய கம்பியை ஓடவிட்டு, துணி போர்த்திய வலைக்குழாய் ஒன்றை வீக்கத்துக்குள் கொண்டுபோய் விரிப்பது. இரத்தம் அந்தப் புதுக் குழாய்க்குள்ளால் போகும். வெளியே உள்ள பலூன் ஓய்ந்துவிடும்.

யோகராஜ் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“பிரேக் மிதிப்பேனா சேர்?”

“வெட்டினா சத்தியம் பண்ணிச் சொல்லேலாது. இதில மிதிப்பீங்கள்,” என்றார் சாரங்கன். “இந்த இடத்தில நான் ஒண்டுதான் செய்திருக்கிறன். என்னைப் பழக்கின பெரிய டொக்டர் ரெண்டு செய்திருக்கிறார். ரெண்டு பேரும் நிப்பம்.”

ஒன்றும் இரண்டும் மூன்று. வேறு யாராவது என்றால் அந்த எண்ணிக்கையைக் கேட்டுப் பயந்திருப்பார்கள். யோகராஜுக்கு அது பிடித்திருந்தது. எத்தனை தரம் ஓடியிருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்கிற சாரதியோடு போகலாம் என்பது அவனுடைய கணிப்பு. அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டான்.

ஒன்பதாம் நாள் காலை எட்டரைக்கு அவனைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, துளை போடும் இடத்தை மட்டும் மரக்கவைத்தார்கள். துளை போட்ட இடம் எது தெரியுமா? வலது முழங்காலின் பின்பக்கம். நேர்ப்பாதை அதுதான் என்றார் சாரங்கன். கன்னத்தைத் தலையணையில் வைத்துக்கொண்டு யோகராஜ் தனக்குள் சிரித்தான். சிங்களத் தாதி ஒருத்தி அவன் தலைமாட்டில் குனிந்து, “பயவெண்ட எபா அய்யே,” என்றாள். பயமில்லை என்று அவனும் சிங்களத்திலேயே சொன்னான், மெய்யாகவே இல்லை. பக்கத்துத் திரையில் அவனுடைய காலின் சாலைகள் கறுப்பாக ஓடி ஓடி மறைந்தன. இரண்டு வைத்தியர்களும் அதிகம் பேசவில்லை. இன்னும் ரெண்டு மில்லிமீற்றர், கொஞ்சம் பின்னுக்கு, அவ்வளவுதான், நில்லும். வேனைப் பின்னால் எடுத்து ஒழுங்கைக்குள் விடும்போது பக்கத்தில் நின்று கை காட்டுகிறவனின் பேச்சு மாதிரியே இருந்தது.

ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிந்தது. சாரங்கன் சிறிய கருவி ஒன்றைப் பாதத்தில் வைத்தார். அறை முழுக்க உஸ், உஸ் என்று சத்தம் கேட்டது. அது அவனுடைய இரத்தம் விரல் வரை போய்ச்சேரும் சத்தம் என்றார்கள். யோகராஜ் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஏழு மாதமாக உள்ளே அடித்துக்கொண்டிருந்த அந்தத் துடிப்பு அடங்கியிருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். உடம்பில் இருந்த ஒரே அடையாளம் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, கட்டைவிரல் நகமளவு பிளாஸ்ரர். கையில் ஒரு கடிதம்: ஒரு மாதம் கழித்து வாகனம் ஓட்டலாம், ஒரே இருப்பில் நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, எழுந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். வாயால் சொன்னது வேறு. குளிசைகளை ஒரு நாளும் விடக் கூடாது. விரல்கள் குளிர்ந்தாலோ வெளிறினாலோ எங்கே நின்றாலும் அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். நூற்றில் தொண்ணூறு பங்கு அப்படி வராது, ஆனால் வராது என்று எழுதிக்கொடுக்க முடியாது.

மாதம் முடியும் தறுவாயில் தில்லைநாதன் கோல் எடுத்தார். குரலில் நல்ல உற்சாகம்.

“முழங்கால் ஒப்பரேஷன் சரிவந்ததாம் எண்டு அஸாம் சொன்னார். நல்ல விஷயம். கிளின்ரன் வெட்டி வெட்டி ஓட்டுறானாம், சாருஜான்ர சின்னவள் ரெண்டு தரம் சத்தி எடுத்துப்போட்டாள். வாற திங்கள் வாரும். டொக்டரின்ர துண்டைப் பிறகு காட்டலாம்.”

யோகராஜ் போனை வைத்தான். பொய் தானாகவே போய் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. அவன் வாயைத் திறக்கத் தேவையில்லை. யாராவது கேட்டால் காற்சட்டையை உயர்த்தி முழங்காலுக்குப் பின்னால் உள்ள வடுவைக் காட்டலாம். கண்ணால் பார்த்ததை யார் மறுப்பார்கள்? உண்மையைச் சொன்னால் அதுதான் ஆபத்து. இரத்தக்குழாய்க்குள் கம்பி வலை வைத்த மனிதன், பாதம் எப்போது குளிருமோ என்று சொல்ல முடியாதவன் என்றால், எந்தத் தாய் பிள்ளையை ஏற்றி அனுப்புவாள்? ஏசி வேன் வாசலில் நிற்கிறது.

அனுஷியாவிடம் சொன்னான். அவள் அன்று ஜம்பட்டா வீதிச் சேலைக் கடை வேலைக்குப் போகாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவங்களே முழங்கால்ன்னு சொல்லிட்டாங்க. விட்டுடுங்களேன்,” என்றாள்.

“நாப்பது நிமிசத்துல எறங்கி நடக்கணும். புள்ளைங்கள வச்சுக்கிட்டு நடுரோட்ல எறங்கி நின்னா, ஏன்னு கேப்பாங்க.”

“முழங்கால்ன்னு சொல்லுங்க.”

“வெரல் குளுந்துச்சுன்னா? அப்பயும் முழங்கால்ன்னு சொல்லிட்டு ஓட்டிக்கிட்டே போகவா? அன்னிக்கு அதத்தான் செஞ்சேன், அனுஷி. அந்த வியாழக்கிழமைக்கு முன்னாடியே ரெண்டு தடவ கால் மரத்துச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் ஓட்டுனேன்.”

அவள் கை நின்றது. இது அவளுக்கும் புதிது.

“அப்ப எழுதுங்க,” என்றாள் பிறகு. “வாயால சொல்ல மாட்டீங்க. எழுதுங்க.”

செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு யோகராஜ் எழுத இருந்தான். இரண்டு பக்கமும் கதிரையில் சரிசமமாக அழுந்த இருந்தான். இரண்டு தாள் கசங்கிப் போயிற்று. மூன்றாவது தாளில் கை ஓடியது.

“மதிப்புக்குரிய ஐயா, அன்று உங்கள் வீட்டில் முழங்கால் என்று நான் சொன்னது உண்மையல்ல. நோய் இருந்தது வலது பிட்டத்தில், இரத்தக்குழாயில். பெண்கள் இருந்த இடத்தில் சொல்ல வெட்கப்பட்டேன். பிரேக் பிந்தியது என் வலது பாதம் மரத்ததால். அதற்கு முன்னும் இரு முறை மரத்திருந்தது. அதை மறைத்துப் பிள்ளைகளை ஏற்றியது என்னுடைய பெரும் பிழை. மாக்ரெட் அம்மாவின் மகனுக்குப் பட்ட காயத்துக்கும் அதுதான் காரணம்.”

அதன் கீழே வைத்தியர் செய்ததை நாலு வரியில் எழுதினான். பிறகு வேனின் பாதையையும் நேரத்தையும் எழுதினான். இனிக் கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தைப் பிள்ளைகளை முதலில் ஏற்றி ஆறே முக்காலுக்குப் பம்பலப்பிட்டியில் இறக்குவது. அங்கே பத்து நிமிடம் நடப்பது. அதன் பிறகு வெள்ளவத்தைப் பிள்ளைகளை ஏற்ற வருவது. அவர்கள் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடத் தூங்கலாம், மணிக்கு முன் இறங்கிவிடுவார்கள். என்றைக்காவது பாதம் குளிர்ந்தால் வேனை ஓரங்கட்டி உங்களுக்கு அழைப்பேன், கிளின்ரன் வந்து பிள்ளைகளை ஏற்றுவார், அவரிடம் பேசி ஒத்துக்கொள்ளவைத்துவிட்டேன். சந்தேகம் இருந்தால் கேட்பதற்கு டொக்டர் சாரங்கனின் வார்ட் தொலைபேசி இலக்கம் இது, அவர் சம்மதித்திருக்கிறார்.

“இதை எல்லாப் பெற்றோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அதன் பிறகும் பிள்ளைகளை என்னோடு அனுப்பினால் திங்கள் காலை வருவேன். அனுப்பாவிட்டாலும் உங்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் என்னால் ஓட்ட முடியும்.”

கடைசி வரியை அடிப்போமா என்று யோசித்தான். அடிக்கவில்லை. கையெழுத்திட்டான்.

அனுஷியா வாங்கி முழுவதும் வாசித்தாள். ஒரு சொல்லில் மட்டும் விரலை வைத்து, இதைச் சாருஜாவும் வாசிப்பாளே என்றாள். வாசிக்கட்டும் என்றான் யோகராஜ். வைத்தியரின் கடிதத்தைப் பிரதி எடுத்து அதோடு சேர்த்து, மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, விளிம்பில் கோந்து தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினான். காய்வதற்குள் முகவரியை எழுதினான்.

பதினொரு மணிக்குக் கொட்டாஞ்சேனைத் தபாற்கந்தோருக்கு நடந்தே போனான். கவுண்டரில் இருந்தவர் உறையை நிறுத்துப் பார்த்து, ரெஜிஸ்டரா என்று சிங்களத்தில் கேட்டார். ஓம், கட்டாயம் போய்ச்சேர வேண்டிய கடிதம் என்றான். அவர் முத்திரையை ஒட்டி, இலக்கச் சீட்டை ஒட்டி, ரப்பர் சீலை ஓங்கிக் குத்தி, பற்றுச்சீட்டை இவன் பக்கம் தள்ளிவிட்டு, வெள்ளவத்தைப் பைக்குள் கடிதத்தைப் போட்டார்.